டிசம்பரில் டிக்கெட் போடுமுன்

வெளிநாட்டிலிருந்து சென்னைச் செம்பாக்கத்துக்கு வர நாள் பார்க்கும் பிள்ளைகள், இந்தியாவின் மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை என்று நம்பி டிசம்பரில் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். மும்பைக்கும் கேரளத்துக்கும் அந்தக் கணக்கு சரி. நமக்குத் தலைகீழ். தென்மேற்குக் காற்றின் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையே வாங்கிக்கொள்கிறது. நமக்குக் கிடைப்பது சாயங்கால இடிமழை. சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 செ.மீ. அதில் பாதிக்கு மேல் கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். யாழ்ப்பாணத்திலும் பெருமழை இந்த மாதங்களில்தான்.

அதற்காக மூன்று மாதமும் விடாமல் பெய்வதில்லை. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் இரண்டு மூன்று நாள் அடித்துப் பெய்யும். பிறகு வெயில் காயும். பயணம் மாட்டிக்கொள்வது அந்த இரண்டு மூன்று நாளில்.

2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு! முடிச்சூர்ப் பக்கத்து வெள்ளம் அடையாற்றில் சேர்ந்தது. மீனம்பாக்கத்தின் இரண்டாம் ஓடுபாதை அந்த ஆற்றின் குறுக்கேதான் போகிறது. விமான நிலையம் மூழ்கி, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்களை இயக்க வேண்டியதாயிற்று. 2023 டிசம்பர் 4இல் மிக்ஜாம் புயலின்போதும் மீனம்பாக்கத்தை மூடினார்கள். அதே மாதம் 17ஆம் தேதி தென்மாவட்டப் பெருமழையில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது.

செம்பாக்கத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு. நம் ஏரியின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. வேளச்சேரி சாலையும் அதே பக்கம்தான் போகிறது. பெருமழை நாளில் அந்த வழியை நம்பி விமானத்துக்குக் கிளம்பக் கூடாது.

என்னைக் கேட்டால், பொங்கலுக்கு வாருங்கள். ஜனவரியும் பிப்ரவரியும்தான் இந்த ஊரின் நல்ல மாதங்கள். மார்கழிக் கச்சேரிகளை விட மனமில்லை என்றால் டிசம்பர் பாதிக்குமேல் வந்து, திரும்பும் தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள். தீபாவளிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே கிளம்புவது உத்தமம். கூட்டமும் மழையும் ஜிஎஸ்டி சாலையில் ஒன்றாகச் சேரும். குற்றால அருவிக்குப் போவதென்றால் மட்டும் தென்மேற்குக் காற்று வீசும் ஜூலை, ஆகஸ்ட்.

மே மாதம் பள்ளி விடுமுறை என்பதற்காகவே வருகிறவர்கள், கத்திரி வெயிலோடு முந்தைய ஆண்டின் மழையையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். 2018இல் அக்டோபர்-டிசம்பர் மழையான வடகிழக்குப் பருவம் பொய்த்தது. அடுத்த கோடையில் வந்தவர்கள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தார்கள்.