கொழுந்துத் தராசில் ஒரு மருந்து ஆய்வு

குளிசை வேலை செய்கிறதா என்று இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். 1970களில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தையும் நிறுத்துப் பார்த்தார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் எட்ஜர்டனும், சேனவிரத்ன உள்ளிட்ட இலங்கை வைத்தியர்களும் இரத்தச்சோகை உள்ள தொழிலாளர்களுக்கு இரும்புச்சத்துக் கொடுத்தார்கள். சிலருக்கு இரத்தம் ஏற்றினார்கள். அதற்கு முன்னும் பின்னும் நாளொன்றுக்கு எவ்வளவு கொழுந்து பறிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். ஒரு மாதத்தில், ஹீமோகுளோபின் உயர்ந்தவர்கள் உயராதவர்களைவிடக் கூடுதலாகப் பறித்தார்கள். ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே ஹீமோகுளோபின் இருந்தவர்களிடம் முன்னேற்றம் இன்னும் அதிகம். 1979இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் இது வெளிவந்தது.

'உயராதவர்களைவிட' என்ற அந்த ஒப்பீடுதான் ஆய்வின் உயிர். பதுளைப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. யூலை தொடங்கி செப்டம்பர் வரை, தென்மேல் பருவக்காற்று மழையை நுவரெலியாப் பக்கத்து மலைகளில் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்கும். தேயிலைக்கு மணம் கூடும், கொழுந்து குறையும். பிறகு மழை பிடித்தால் மலையெல்லாம் துளிர்க்கும். பசறையில் ஒருவர் செப்டம்பரில் குளிசை கொடுத்து நவம்பரில் நிறுத்துப் பார்த்தால், மடுவத்துத் தராசு கூடுதலாகத்தான் காட்டும். அது குளிசை செய்ததா, மழை செய்ததா? அதே மலையில், அதே வாரத்தில், குளிசை இல்லாமல் பறித்தவரின் நிறை தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு மருந்தென்று சொல்லப்பட்ட பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தபோது கேட்க வேண்டியிருந்ததும் இதே கேள்விதான். கொரோனா தொற்றியவர்களில் பெரும்பாலானோர் எந்தப் பாணியும் குடிக்காமலே தேறினார்கள். 'குடித்தேன், சுகமானேன்' என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பாணிக்கு அது சாட்சியாகாது.

ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு இருப்பதன் அருமை, மேற்கு ஜாவாவின் இறப்பர் தோட்டங்களில் நடந்த ஆய்வில் நன்றாகத் தெரிகிறது. அதுவும் 1979இல் வெளிவந்ததே. ஒரு பகுதியினருக்கு 60 நாட்கள் இரும்புக் குளிசை, மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாக் குளிசை. இரும்பு பெற்றவர்கள் நன்றாக முன்னேறினார்கள். ஆனால் மருந்தில்லாக் குளிசை விழுங்கியவர்களிடமும் ஓரளவு முன்னேற்றம்! காரணம், ஆய்வுக்கு ஒழுங்காக வந்ததற்காகக் கொடுத்த சிறு தொகையில் அவர்கள் நல்ல சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டிருந்தார்கள். இரண்டாவது குழு இல்லாதிருந்தால் சாப்பாட்டின் பலனும் குளிசையின் கணக்கிலேயே சேர்ந்திருக்கும். கையில் கொஞ்சம் காசு வந்தாலே தொழிலாளியின் உடம்பு தேறுகிறது என்பதை எந்தத் தோட்ட நிர்வாகமும் படித்துப் பார்க்க வேண்டும்.

எதை அளந்தார்கள் என்பதும் முக்கியம். நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்ற நிலையில், கொழுந்தின் எடை அதைப் பறிக்கும் பெண்ணின் சோற்றோடு சம்பந்தப்பட்ட அளவு. ஆனால் அதிக கொழுந்தால் முதலில் இலாபம் காண்பது தோட்டம். எட்ஜர்டன் குழுவினர் அதோடு நிற்கவில்லை. இரத்தச்சோகை உள்ளவர்கள் அன்றாட வாழ்வில் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்பதையும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மூன்று, நான்கு வாரங்கள் பதிவு செய்தார்கள். அதுவும் கூடியிருந்தது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இது.

பத்து விடயங்களை அளந்து, சாதகமான ஒன்றை மட்டும் வெளியிடும் ஆய்வுகளும் உண்டு. எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் செய்வதற்காகவே இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் மருத்துவப் பரிசோதனைகளுக்கான பதிவேடு ஒன்றை நடத்துகிறது.

ஓரிடத்தில் சரியான முடிவு இன்னோரிடத்தில் ஆபத்தாகலாம். மலேரியா மலிந்த தன்சானியாவின் பெம்பா தீவில் சிறு பிள்ளைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, மரணமோ வைத்தியசாலையில் சேர்க்குமளவு கடும் நோயோ 12 சதவீதம் கூடியிருந்தது. இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்துவிட்டதால் அந்தப் பயம் இங்கே பெரிதில்லை. ஆனால் பதுளை, தலசீமியா கூடுதலாகக் காணப்படும் மாவட்டங்களில் ஒன்று. அந்தப் பரம்பரைக் குறைபாட்டிலும் ஹீமோகுளோபின் குறையும். இரும்புக் குளிசையால் அது தீராது. ஆகவே லயத்தில் ஒரு பெண் களைத்துப்போய் வெளிறியிருந்தால், கொழுந்து ஆய்வின் முடிவு அவளுக்குப் பொருந்துமா என்பதை, அவளது உடம்பில் குறைவது இரும்புதானா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்குப் பிறகே சொல்ல முடியும்.