மீன் அறியும் மழை: மின்மீன் இனப்பெருக்க ஆய்வுகளும் எண்ணூர்க் கழிமுகமும்

முன்னுரை

வெப்பமண்டல ஆற்றுமீன்கள் பலவும் மழைக்காலத்தை ஒட்டியே முட்டையிடுகின்றன. பகற்பொழுதின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதும் மாறாத இப்பகுதிகளில், பருவம் வந்துவிட்டதை மீன் எதனால் அறிகிறது என்னும் வினாவிற்குத் தெளிவான விடைகளுள் ஒன்று நன்னீர் மின்மீன் ஆய்வுகளிலிருந்து கிடைத்தது. தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் இம்மீன்கள் தமிழக ஆறுகளில் இல்லை. சென்னைக் கடற்பகுதியில் காணப்படும் மின்திருக்கையோ குட்டி ஈனும் கடல்மீன். ஆயினும், மின்மீன்கள் தரும் விடை எண்ணூர்க் கழிமுகத்தின் மீன்வளச் சிக்கலை வேறொரு கோணத்தில் காண உதவுகிறது. அக்கோணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்கடத்துதிறன் என்னும் பருவக்குறி

ஃபிராங்க் கிர்ஷ்பாம் 1975-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடிப்படை எனலாம். ஐகன்மேனியா என்னும் தென் அமெரிக்க மின்மீனை ஆய்வகத் தொட்டியில் வளர்த்த அவர், நீரின் மின்கடத்துதிறனைப் படிப்படியாகக் குறைத்தார், நீர்மட்டத்தை உயர்த்தினார், மேலிருந்து நீர் தெளித்து மழையைப் போலச் செய்தார். மீன்களின் இனப்பெருக்க உறுப்புகள் முதிர்ந்து, முட்டையிடுதலும் நிகழ்ந்தது. மின்கடத்துதிறன் மீண்டும் உயர்ந்தபோது அவ்வுறுப்புகள் சுருங்கின.

இதன் காரணம் எளியது. மழைநீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு. அது ஆற்றில் கலக்கும்போது அயனிகளின் செறிவு குறைகிறது, மின்கடத்துதிறனும் தாழ்கிறது. மீனுக்கு மழை என்பது நீரின் வேதியியலில் நிகழும் மாற்றமே. இத்தகைய புறக்குறிகள் மூளையின் ஹைப்போதலாமசைத் தூண்ட, பிட்யூட்டரிச் சுரப்பியின் வழியே இனப்பெருக்க ஹார்மோன்கள் சுரக்கின்றன. முதிர்ந்த ஐகன்மேனியா ஆண், இரவில் தன் மின்னலையைக் கணநேரம் நிறுத்தி நிறுத்திப் பெண்ணை அழைக்கிறது. பதிவுசெய்த அவ்வழைப்பை நீரில் செலுத்தியே முதிர்ந்த பெண்மீனை முட்டையிடத் தூண்டமுடியும் என ஹேகிடோர்னும் ஹைலிகன்பர்கும் 1985-இல் காட்டினர்.

எல்லா மின்மீன்களும் ஒரே குறியைப் பின்பற்றுவதில்லை. மிதவெப்ப நாடான உருகுவேயில் வாழும் பிராக்கிஹைப்போபோமஸ் கோடையில் இனம்பெருக்குகிறது. அங்கு நீரின் வெப்பநிலையே முதன்மைக் குறி. மின்விலாங்கின் ஆணோ கோடை வறட்சியில் எச்சில் நுரையால் கூடு கட்டிக் குஞ்சுகளைக் காக்கிறது. மழை வந்து நீர் பரவும்போது அவை பிரிந்து செல்கின்றன. குறி எதுவாயினும், அது உரிய காலத்தில் உரிய அளவில் வந்தாக வேண்டும் என்பதே இங்கு கருதத்தக்கது.

எண்ணூரில் அக்குறிகள்

கொசஸ்தலையாறு கடலைச் சேரும் எண்ணூரில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் நீரின் தன்மை பெரிதும் மாறுகிறது. கடல்நீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 50,000 மைக்ரோசீமன்ஸ்; ஆற்றுவெள்ளம் இறங்கும்போது கழிமுகத்தில் அது பன்மடங்கு குறையும். உவர்நீரில் வாழும் கெளிறு மழைக்காலத்தில் இனம்பெருக்குவது. பிற கெளுத்தி இனங்களைப் போலவே அதன் தோலிலும் மெல்லிய மின்புலத்தை உணரும் நுண்குழிகள் உள்ளன. மின்னை உண்டாக்காவிடினும் உணரவல்லது. மடவையும் வெள்ளை இறாலும் கடலில் முட்டையிடுவன. அவற்றின் இளம்பருவத்தின் வளர்விடமே கழிமுகம். ஆகவே அவற்றுக்கு முகத்துவாரம் திறந்திருப்பது மழையைப் போலவே இன்றியமையாதது. மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபடும்போதெல்லாம் இவ்வழி தடைப்படுகிறது.

இவ்வியற்கைக் குறிகளின்மீது தொழிற்பகுதி வேறு குறிகளை ஏற்றுகிறது. அனல்மின் நிலையங்களின் குளிர்விப்பு நீர் கழிமுகத்தின் வெப்பநிலையை உயர்த்துகிறது. சாம்பற் குழம்பு கொண்டுசெல்லும் குழாய்களின் கசிவு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற செய்தி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெயும் இறங்கிக் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்துக் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் தொழிலை இழந்தது பரவலாக அறியப்பட்டதே. அதைவிடக் குறைவாகப் பேசப்பட்டது அதன் காலம்: பருவம் வந்ததை மீனுக்கு அறிவிக்கும் அதே வெள்ளமே நஞ்சையும் சுமந்து வந்தது.

மின்மீன் ஆய்வின் முடிவுகளை எண்ணூர் மீன்களுக்கு அப்படியே பொருத்துவது பிழையாகும்; ஆற்றின் நன்னீரும் கழிமுகத்தின் உவர்நீரும் வேறு. கடன்பெறத்தக்கது ஆய்வுமுறையே. எத்தனை மீன் இறந்தது, உடலில் எவ்வளவு உலோகம் சேர்ந்தது என்பன மாசின் விளைவை அளப்பன; மீன் ஏன் முதிரவில்லை என்பதை அவை சொல்லா. செப்டம்பர் முதல் ஜனவரி வரை முகத்துவாரத்திலும், வெந்நீர் சேரும் இடத்திலும், ஆற்றின் மேற்பகுதியிலும் மின்கடத்துதிறனையும் வெப்பநிலையையும் இடையறாது பதிந்து, அதே வாரங்களில் பிடிபடும் கெளிற்றின் சினைமுதிர்ச்சியோடு ஒப்பிட வேண்டும். இதற்கு வேண்டிய கருவிகள் எளியவை. வலையில் விழும் மீனின் வயிற்றில் சினை உள்ளதா என்பதைக் கையால் தடவியே அறியும் மீனவர், அப்பணியின் முதல் பதிவாளராக இருக்கமுடியும்.