பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாத குதிரை

பாய் விரிக்கலாம் வாங்க – 9

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையை ஒரு முறையாவது நின்று பார்க்க வேண்டும். காத்தியவார், மார்வார் குதிரைகள் வரிசையாகக் கட்டியிருக்கும். வாங்க வந்த ஆள் எடுத்தவுடன் விலை கேட்பதில்லை. குதிரையின் உதட்டைப் பிதுக்கிப் பல்லைப் பார்க்கிறார். காலைத் தூக்கிக் குளம்பைப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். நடக்கவிட்டு, ஓடவிட்டு, மூச்சு வாங்குகிறதா என்று காது கொடுக்கிறார். அதற்குப் பிறகுதான் துண்டைப் போட்டு, அதற்குள் விரல் பிடித்துப் பேரம். பக்கத்தில் மாட்டுச் சந்தையிலும் இதே வரிசைதான். ரெண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது என்று வயசைக் கணக்கிட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

படகுக்குப் பல் இல்லை. முப்பது வருஷத்துப் படகுக்கும் ஒரே வாரத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்து, பித்தளையைத் தேய்த்து, மெத்தை உறையை மாற்றிப் புதுப்பெண் மாதிரி நிறுத்திவிடலாம். முதல் படகு வாங்குகிறவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மெத்தையைப் பார்த்து மயங்கி, விலையை முதலில் பேசி, அடிப்பாகத்தைக் கடைசியில் பார்க்கிறார். அந்தியூர் சந்தையின் வரிசையை அப்படியே தலைகீழாக்கிவிடுகிறார்.

கடலே இல்லாத ஊர்க்காரனுக்கு எதற்குப் படகு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தியூரிலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போனாலும் சாலை வழியே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜும் கடலோர ஊர் அல்ல; ஒரு சிற்றாறு ஓடும் கல்லூரி நகரம். அங்கிருந்து 1972-ல் ஷேன் ஆக்டன் என்ற இளைஞர், சுமார் 400 பவுண்டுக்கு வாங்கிய ‘ஷ்ரிம்பி’ என்ற பிளைவுட் படகில் புறப்பட்டார். படகின் நீளம் 18 அடி. நம் டவுன் பஸ்ஸில் பாதி. உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூட முடியாது. அதில் உலகத்தைச் சுற்றிவிட்டு 1980-ல் ஊர் திரும்பினார்.

எல்லோரும் ஆக்டன் ஆக வேண்டியதில்லை. அந்த அளவுப் படகில் பெருங்கடலுக்குள் போவது ஆபத்தும்கூட. ஆனால் கையில் காசு குறைவாக இருப்பவருக்கு அவர் செய்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. 25 அடிப் படகுக்குப் பதில் 35 அடிப் படகு வாங்கினால் நீளம் பத்தடிதான் கூடுகிறது. எடையோ இரண்டரை மடங்குக்கு மேல் போய்விடுகிறது, ஏனென்றால் அகலமும் ஆழமும் சேர்ந்தே வளர்கின்றன. பாய், கயிறு, நங்கூரம், கிரேன் வாடகை, லாரி வாடகை எல்லாமே எடையைத்தான் பின்தொடரும். முதல் படகு 20-லிருந்து 26 அடிக்குள் இருக்கட்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

பழைய படகு என்றாலே முகம் சுளிப்பவர்கள் ‘திருஷ்ணா’வை நினைத்துக்கொள்ளலாம். இந்திய ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவினர் 1985 செப்டம்பர் 28 அன்று மும்பையிலிருந்து கிளம்பி, 1987 ஜனவரி 10 அன்று உலகைச் சுற்றித் திரும்பினார்கள். இந்தியர்கள் பாய்மரப் படகில் செய்த முதல் உலகப் பயணம் அது. அவர்கள் போனது புதுப் படகில் அல்ல. இங்கிலாந்தில் வாங்கிய, ஏற்கெனவே பல வருஷம் ஓடிய 37 அடிப் படகில். நம் காலத்தில் அபிலாஷ் டோமியும் அப்படித்தான். 2022-ல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது ‘ரஸ்ட்லர் 36’ ரகப் பழைய படகு. வழியில் காற்றாடிச் சுக்கானின் பலகை உடைந்தபோது கழிப்பறைக் கதவை அறுத்துப் பொருத்தினார். 236 நாளில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். புதுச்சேரி ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோடு தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பிய ‘தாரிணி’கூட, அதற்கு முன்பே ஒரு தடவை உலகைச் சுற்றி வந்திருந்த படகுதான்.

ஆக, வயசு பிரச்சினை இல்லை. உள்ளே என்ன அழுகியிருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

இன்று சந்தைக்கு வரும் பழைய படகுகளில் பெரும்பாலானவை பைபர். பைபர் அழுகாது என்று சொல்லிவிடுவார்கள், பாதி உண்மை. படகின் உடம்பு தடித்த பைபராக இருக்கும். மேல்தளத்தை மட்டும் எடை குறைக்க, இரண்டு பைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தையோ பிளைவுட்டையோ வைத்துக் கட்டியிருப்பார்கள். கைப்பிடிக்கும் கொக்கிக்கும் போட்ட திருகு ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி, நடு மரம் ஊறிப் பஞ்சாகிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க வேண்டியது ஒரு சின்னப் பிளாஸ்டிக் சுத்தியலும் பொறுமையும். சந்தையில் மண்பானை வாங்கும் பெண்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள் அல்லவா, அதே வித்தைதான். தளத்தில் முழங்காலிட்டு, அரையடிக்கு ஒரு தட்டு. நல்ல இடம் ‘டக்’ என்று துள்ளி ஒலிக்கும். ஊறிய இடம் ‘தொப்’பென்று அமுங்கும். அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போக வேண்டும். பாய்மரம் ஊன்றிய இடத்தைச் சுற்றியும் அதை நிறுத்தும் பக்கக் கம்பிகள் இறங்கும் இடத்திலும் தொப்பென்ற சத்தம் வந்தால், விலை பேசாமலே எழுந்து வந்துவிடலாம். ஓரத்தில் ஒரு சாண் அளவு என்றால் பயமில்லை. சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை முழுக்க மீனவர்களிடம் பைபர் படகுகள் பெருகிவிட்டன. ஒட்டுப்போடத் தெரிந்த கைகள் காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் உண்டு.

அடுத்து கீல். படகின் வயிற்றுக்குக் கீழே, அது கவிழாமல் பிடிக்கும் ஈயம் அல்லது இரும்புப் பாளம். பெரிய போல்ட்டுகளால் உடம்போடு முடுக்கியிருப்பார்கள். 2014 மே மாதம் அட்லாண்டிக் நடுவே ‘சீக்கி ரஃபிக்கி’ என்ற 40 அடிப் படகிலிருந்து கீல் கழன்று விழுந்தது. படகு கவிழ்ந்து, நான்கு பேர் போனார்கள். முன்பு தரை தட்டியதும் அதற்குப் பிந்தைய பழுதுபார்ப்பும் பிடிமானத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. ஆகவே, “எப்போதாவது தரை தட்டியதுங்களா?” என்று விற்பவரிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும். கீலும் உடம்பும் சேரும் கோட்டில் துருநீர் வழிந்த தடம் இருந்தால், அவர் சொல்லும் பதிலைவிட அந்தத் தடத்தை நம்ப வேண்டும்.

பாய்மரத்தை நிறுத்தும் எஃகுக் கம்பிகள் இன்னொரு செலவு. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்ல வழக்கம். கொஞ்சம் பஞ்சை எடுத்துக் கம்பி நெடுகத் தடவினால், அறுந்த இழை இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் மொத்தத்தையும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்ஜினைப் பற்றிக் கொங்கு நாட்டுக்காரருக்குப் பாடம் தேவையில்லை. பழைய டிராக்டர் வாங்கத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும். போனவுடன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையிலேயே யாரோ கஷ்டப்பட்டு ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள்.

காகிதத்தையும் விடக் கூடாது. வெளிநாட்டுக் கொடியோடு வந்து இங்கேயே நின்றுபோன படகு சில சமயம் அடிமாட்டு விலைக்கு வரும். சுங்கவரி கட்டிய ரசீது இல்லையென்றால் அந்தச் சுமை வாங்கியவர் தலையில் விடியும்.

இனி பணம். கையில் 6 லட்சம் இருந்தால் 4 லட்சத்துக்கு மேல் படகு பார்க்காதீர்கள். மீதி 2 லட்சம் முதல் வருஷத்திலேயே கம்பிக்கும் கயிற்றுக்கும் அடிப்பெயின்டுக்கும் போய்விடும். படகு மேலே ஆசைப்பட்டு மொத்தத்தையும் கொடுத்துவிட்டவர்களின் படகுகள்தான் துறைமுக மூலைகளில் பாய் கட்டாமல் கிடந்து வெயிலில் காய்கின்றன. பார்க்கவே மனசு கஷ்டப்படும்.

எல்லாம் தட்டிப் பார்த்து, பிடித்துவிட்டது என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நிபந்தனை: கிரேன் வைத்துப் படகை மேலே தூக்க வேண்டும். கிரேன் வாடகை படகு வாங்குகிறவர் பொறுப்பு. கணக்குப் பார்க்க வேண்டாம். பட்டையில் தொங்கியபடி படகு தண்ணீரைவிட்டு எழும். பாசியும் சிப்பியும் ஒட்டிய அடிவயிறு சொட்டச் சொட்ட வெளியே வரும். விற்பவர் அத்தனை நாள் காட்டாத, அவரே பல மாதமாகப் பார்த்திராத பாகம் அது. ஈரம் காய்வதற்குள் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போய்விட வேண்டும். அங்கே எதையெதைப் பார்ப்பது, சுக்கானை எப்படி ஆட்டிப் பார்ப்பது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)