மூன்று மணி நேர மாரத்தான்

மூன்று மணி நேர மாரத்தான் என்பது 42.195 கி.மீ. நீளமுள்ள மாரத்தான் ஓட்டத்தை மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடிப்பதைக் குறிக்கும். இலங்கைத் தமிழ் வழக்கில் இவ்வோட்டம் மரதன் எனப்படுகிறது. ஓட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாமல், அலுவலகம், கடை, வயல், வகுப்பறை ஆகியவற்றுக்கு இடையே பயிற்சி செய்பவர்கள் தொழில்சாரா ஓட்டக்காரர்கள் ஆவர். இவர்களிடையே இந்நேரம் ஒரு பெரும் இலக்காகக் கருதப்படுகிறது. பேச்சுவழக்கில் இதனைச் "சப்-3" என்பர். 2:59:59 என்ற நேரத்துக்கும் 3:00:01 என்ற நேரத்துக்கும் உடலியங்கியல் அடிப்படையில் வேறுபாடு ஏதும் இல்லை. எனினும் ஒரு முழு எண்ணின் ஈர்ப்பால் பலர் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். குளிர்நாடுகளின் ஓட்டங்களில் உருவான இவ்விலக்கைத் தமிழ்நாட்டின் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் அடைய முயல்வது தனியொரு சிக்கல் ஆகும்.

வேகக் கணக்கு

மூன்று மணி நேரம் என்பது 10,800 நொடிகள். இதனை 42.195 ஆல் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 256 நொடிகள், அதாவது 4 நிமிடம் 16 நொடி கிடைக்கும். 400 மீட்டர் ஓடுதளத்தில் ஒரு சுற்றை 102 நொடிகளில் முடிக்க வேண்டும். அவ்வாறு 105 சுற்றுகளும் மேலும் அரைச் சுற்றும் ஓட வேண்டும்.

இத்தொலைவை உணர விழுப்புரம் பகுதியின் சாலைகள் உதவும். விழுப்புரத்திலிருந்து கோலியனூர் வழியாகப் புதுச்சேரி செல்லும் சாலையின் நீளம் ஏறத்தாழ 40 கி.மீ. ஆகும். விழுப்புரம் - திண்டிவனம் இடைத்தொலைவும் கிட்டத்தட்ட அதே அளவினது. விழுப்புரத்தில் புறப்படும் ஒருவர் இவ்விலக்கின் வேகத்தில் ஓடினால், முதல் 5 கி.மீ.ஐ 21 நிமிடம் 20 நொடியில் கடந்து கோலியனூர்ப் பகுதியில் இருப்பார். புதுச்சேரியை 2 மணி 51 நிமிடத்தில் எட்டுவார். அதன் பின்னரும் அவர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். கையில் எஞ்சியிருப்பது ஒன்பது நிமிடங்களே.

நடைமுறையில் 4:16 என்ற வேகம் போதாது. மாரத்தான் பாதை, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் வழியே அளக்கப்படுகிறது. கூட்டத்தில் விலகி ஓடுபவர், வளைவுகளை அகலமாகத் திரும்புபவர் அனைவரும் கூடுதல் தொலைவு ஓடுகின்றனர். ஒருவர் உண்மையில் 42.5 கி.மீ. ஓடினால் தேவைப்படும் வேகம் 4:14 ஆகிவிடும். கைக்கடிகாரம் காட்டும் சராசரியை மட்டும் நம்பிச் சில நொடிகளில் இலக்கைத் தவறவிடுவோர் பலர்.

வரலாறு

1896 இல் ஏதென்சில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக்கில் கிரேக்கரான இசுபிரிடான் லூயிசு மாரத்தானில் வென்றார். அவரது நேரம் 2:58:50. அன்றைய பாதை ஏறத்தாழ 40 கி.மீ. மட்டுமே, அதாவது விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வரையிலான தொலைவு. அதே வேகத்தில் இன்றைய முழுத் தொலைவையும் அவர் ஓடியிருந்தால் 3 மணி 8 நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். எனவே இன்று மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கும் ஒரு வங்கி ஊழியரோ ஆசிரியரோ, முதல் ஒலிம்பிக் வெற்றியாளரைவிட விரைவாக ஓடுகிறார். புழுதிச் சாலை, அக்காலக் காலணி, பயிற்சி அறிவின்மை ஆகியவற்றைக் கருதினால் இவ்வொப்பீடு முற்றிலும் நேர்மையானதன்று.

42.195 கி.மீ. என்ற நீளம் 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் பயன்படுத்தப்பட்டு, 1921 இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கின் பாதை இதனினும் சற்று நீண்டது. அவ்வோட்டத்தில் இந்தியாவின் பதப்பா சௌகுலே 2 மணி 50 நிமிட அளவில் முடித்து 19 ஆம் இடம் பெற்றார். ஒலிம்பிக் மாரத்தானில் ஓடிய முதல் இந்தியர்களுள் ஒருவரே மூன்று மணி நேர எல்லையை எளிதாகக் கடந்துவிட்டார் என்பது பலர் அறியாத செய்தி. பெண்களுள் அமெரிக்காவின் பெத் பான்னர் 1971 இல் நியூயார்க்கில் 2:55:22 என்ற நேரத்தில் ஓடினார்.

1978 இல் ஜலந்தரில் சிவநாத் சிங் 2:12:00 என்ற நேரத்தில் ஓடி இந்தியச் சாதனை படைத்தார். பல போட்டிகளில் வெறுங்காலுடன் ஓடியவர் அவர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2019 இல் சியோலில் டி. கோபி 2:13:39 இல் முடித்தபோதும் அச்சாதனை முறியவில்லை. பெண்களுள் ஓ. பி. ஜெய்சா 2015 இல் பெய்ஜிங்கில் 2:34:43 என்ற நேரத்தைப் பதிவு செய்தார். இவர்கள் பயிற்சியையே முழுநேர வாழ்வாகக் கொண்டோர். தொழில்சாரா ஓட்டக்காரர்களின் பெருக்கம் இந்தியாவில் பிற்காலத்தது. 2004 இல் மும்பை மாரத்தான் தொடங்கியதையும், அதன்பின் பெருநகரங்களில் ஓட்டக் குழுக்கள் உருவானதையும் அதற்குத் தொடக்கமாகக் கொள்ளலாம்.

உடலில் நிகழ்வது

ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கிலோகலோரி ஆற்றல் செலவாகிறது. 65 கிலோ எடையுள்ளவர் மாரத்தான் முடிக்க ஏறத்தாழ 2,700 கிலோகலோரி தேவை. தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோசன் வடிவில் சேமிக்கப்பட்டுள்ள மாச்சத்து ஏறத்தாழ 2,000 கிலோகலோரி அளவே தரும். எஞ்சியதைக் கொழுப்பிலிருந்து பெற வேண்டும். கொழுப்பு ஏராளமாக உள்ளது, ஆனால் அதிலிருந்து ஆற்றல் மெதுவாகவே கிடைக்கும். வேகம் கூடக்கூட உடல் மாச்சத்தையே மிகுதியாக எரிக்கிறது. 30 கி.மீ.க்குப் பின் பலர் திடீரெனத் தளர்ந்து நடக்கத் தொடங்குவதன் முதன்மைக் காரணம் இதுவே. ஓட்டக்காரர்கள் இதனைச் "சுவரில் மோதுதல்" என்பர்.

ஆகவே பயிற்சியின் நோக்கம் விரைவாக ஓடக் கற்பது மட்டுமன்று. 4:15 என்ற வேகம் உடலுக்கு மிதமான உழைப்பாக மாற வேண்டும். ஒரு கிலோமீட்டரை நான்கு நிமிடத்தில் ஓடக்கூடிய இளைஞர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளனர். அதைவிடச் சற்றே குறைந்த வேகத்தில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடக்கூடியவர் அரிது.

பயிற்சி

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு, வாரத்துக்கு 100 மைல் வரையான நீண்ட, சீரான ஓட்டத்தை அடித்தளமாக வைத்தார். அவரிடம் பயின்ற பீட்டர் சினெல், முர்ரே ஆல்பர்க் ஆகியோர் 1960 உரோம் ஒலிம்பிக்கில் தங்கமும், பாரி மேகி மாரத்தானில் வெண்கலமும் வென்றனர். இன்றைய தொழில்சாராப் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் அவரது கருத்தின் குறுகிய வடிவங்களே.

பொதுவாக இத்திட்டங்கள் 16 முதல் 20 வாரங்கள் நீள்வன. இவ்விலக்கை நாடுவோர் வாரத்துக்கு 70 முதல் 100 கி.மீ. ஓடுவது வழக்கம். இதில் பெரும்பகுதி, உடன் ஓடுபவருடன் தடையின்றிப் பேசக்கூடிய மெதுவான வேகத்தில் அமையும். வாரம் ஒருமுறை 30 கி.மீ. அளவிலான நீள ஓட்டமும், ஒன்று அல்லது இரண்டு கடின ஓட்டங்களும் இடம்பெறும். இறுதி இரண்டு மூன்று வாரங்களில் தொலைவு படிப்படியாகக் குறைக்கப்படும். தொடக்க நிலையினர் பெரும்பாலும் செய்யும் பிழை, மெதுவாக ஓட வேண்டிய நாள்களில் விரைந்து ஓடிவிட்டு, விரைய வேண்டிய நாளில் களைத்துப் போவதாகும். மெதுவாக ஓடுவதற்கும் துணிவு தேவை. ஊரார் பார்க்கும் சாலையில் அது இன்னும் கடினம்.

இலக்கு எட்டக்கூடியதா என்பதைக் கணிக்கப் பீட்டர் ரீகல் 1977 இல் வெளியிட்ட சூத்திரம் பயன்படுகிறது. தொலைவு இரட்டிப்பானால் நேரம் ஏறத்தாழ 2.085 மடங்காகும் என்பது அதன் சாரம். அதன்படி மூன்று மணி நேர மாரத்தானுக்கு நிகரான அரை மாரத்தான் நேரம் 1:26:20 ஆகும், 10 கி.மீ. நேரம் 39 நிமிடம் 8 நொடி. பயிற்சித் தொலைவு குறைந்தோருக்கு இச்சூத்திரம் உண்மையைவிட நல்ல நேரத்தையே காட்டும். அரை மாரத்தானை 1:26 இல் முடித்த ஒருவர், வாரம் 40 கி.மீ. மட்டும் ஓடிவிட்டு முழு மாரத்தானில் 3:20 ஐத் தாண்டுவது வியப்புக்குரியதன்று.

பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவதே பலருக்கு முதல் தடை. விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டியவர் இரவு ஒன்பது மணிக்கு உறங்க வேண்டும். இரவுப் பணி செய்யும் மென்பொருள் துறையினருக்கும், நடவு, அறுவடைக் காலங்களில் உழவருக்கும் இது எளிதன்று. உறக்கத்தைக் குறைத்துத் தொலைவைக் கூட்டுவோருக்கு முழங்கால், கணுக்கால், கணைக்கால் எலும்புப் பகுதி ஆகியவற்றில் காயங்கள் மிகுதி.  

வெப்பமும் ஈரப்பதமும்

பாரிசு, இலண்டன், பெர்லின், பாஸ்டன், சிக்காகோ, நியூயார்க் ஆகிய ஆறு மாரத்தான்களில் 2001 முதல் 2010 வரை பதிவான ஏறத்தாழ 18 இலட்சம் முடிவுகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2012 இல் வெளியானது. ஓடுவதற்கு மிகவும் ஏற்ற வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கும் கீழ் என்பது அதன் முடிவு. சென்னை, விழுப்புரம் பகுதிகளில் மார்கழி, தை மாதங்களின் விடியலில்கூட வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகையாக இருக்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. தோலுக்குச் செல்லும் குருதி கூடுவதால் தசைகளுக்குக் கிடைப்பது குறைகிறது, இதயத் துடிப்பு ஏறுகிறது. சென்னை மாரத்தான் சனவரியில், விடியலுக்கு முன்பே தொடங்குவதன் காரணம் இதுவே.

இதனால் ஓட்டக்காரர் இரு வழிகளுள் ஒன்றைத் தெரிய வேண்டியுள்ளது. சனவரியில் சென்னையிலோ மும்பையிலோ ஓடுபவருக்குப் பயிற்சிக்காலம் வடகிழக்குப் பருவமழையுடன் பொருந்தும். வெப்பம் தணிந்திருக்கும், ஆனால் மழையும் புயலும் நீள ஓட்டங்களைக் குலைக்கும். செப்டம்பர், அக்டோபரில் பெர்லினுக்கோ சிக்காகோவுக்கோ செல்பவர், கத்திரி வெயிலில் தொடங்கி ஆவணி வரை பயிற்சி செய்ய வேண்டும். அம்மாதங்களில் கோலியனூர்ச் சாலையில் 4:15 வேகத்தை 30 கி.மீ. தக்கவைப்பது பெரும்பாலோருக்கு இயலாது. அதற்காகப் பயிற்சி தோற்றது என்று கொள்வது தவறு. வெப்பத்தில் 10 முதல் 14 நாள்கள் தொடர்ந்து உழைத்தால் குருதிநீர்மத்தின் அளவு கூடுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கிறது, வியர்வையில் வெளியேறும் உப்பு குறைகிறது. எனவே கடிகாரத்தின் வேகத்தைவிட இதயத் துடிப்பையும் மூச்சையும் அளவுகோலாகக் கொள்வது கோடைக்குப் பொருத்தமானது.

சாலையே மற்றோர் இடர். விடியலுக்கு முன் நெடுஞ்சாலையோரம் ஓடுபவர், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தவாறு வலப்பக்கம் ஓடுவதும், ஒளி தெறிக்கும் மேலுடை அணிவதும் இன்றியமையாதவை. பண்ருட்டிச் சாலை பிரியும் கோலியனூர்க் கூட்டுரோடு போன்ற சந்திப்புகளைவிட ஏரிக்கரைகளும் பள்ளி விளையாட்டுத் திடல்களும் பாதுகாப்பானவை. இப்பகுதி சமதளம் ஆகையால் ஏற்றப் பயிற்சிக்குச் செஞ்சிப் பக்கம் செல்ல வேண்டும்.

உடல்நலக் கேடுகள்

உடலின் உள்வெப்பம் 40 பாகையைக் கடந்து, குழப்பமோ நினைவிழப்போ ஏற்பட்டால் அது வெப்பத்தாக்கு ஆகும். உடனடியாகக் குளிர்நீரில் அமிழ்த்தி வெப்பத்தைத் தணிப்பது உயிர்காக்கும்.

மிகுதியாக நீர் அருந்துவதும் தீங்கானது. அவ்வாறு அருந்துவதால் குருதியில் சோடியம் குறைந்து மூளை வீங்கக்கூடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரிடம் நடத்திய ஆய்வில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது கண்டறியப்பட்டது. தாகத்துக்கு ஏற்ப அருந்துவதே இன்று பரிந்துரைக்கப்படுகிறது.

பாஸ்டன் தகுதி நேரம்

1897 முதல் நடைபெறும் பாஸ்டன் மாரத்தானில் பெரும்பாலானோர் தகுதி நேரத்தின் அடிப்படையிலேயே சேர்க்கப்படுகின்றனர். 2020 முதல் 2025 வரையான ஓட்டங்களுக்கு 18-34 அகவை ஆண்களின் தகுதி நேரம் சரியாக மூன்று மணி. அதே அகவைப் பெண்களுக்கு மூன்றரை மணி. 2026 ஓட்டத்துக்கு இவை ஐந்து நிமிடம் குறைக்கப்பட்டன. விண்ணப்பங்கள் மிகுந்ததால் அவ்வாண்டு தகுதி நேரத்தைவிட மேலும் 4 நிமிடம் 34 நொடி விரைவாக ஓடியோருக்கே இடம் கிடைத்தது. இளைஞர் ஒருவருக்கு மூன்று மணி நேரம் என்பது இவ்வாறு வாயிலாக இருந்து, வாயிலுக்கு முந்தைய படியாக மாறிவிட்டது.

ஆரோவில் மாரத்தான்

இவ்விலக்குக்கு நேர்மாறான மரபு ஒன்றும் விழுப்புரம் மாவட்டத்திலேயே உள்ளது. வானூர் வட்டத்தில் பெரும்பகுதி அமைந்துள்ள ஆரோவில்லில் 2008 இல் ஒரு மாரத்தான் தொடங்கப்பட்டது. செம்மண் காட்டுப் பாதைகளில், பிப்ரவரி மாதத்தில் நடத்தப்பட்டு வந்த இவ்வோட்டத்தில் வெற்றியாளருக்குப் பரிசு கிடையாது. ஓடும் உவகைக்காகவே ஓடுவது அதன் கொள்கை. வேர்களும் குழிகளும் நிறைந்த பாதையில் 4:15 என்ற வேகம் பெரிதும் பொருளற்றது. எனினும் பிப்ரவரியின் நடுப்பகுதி, ஏப்ரல் மூன்றாம் திங்களன்று நடக்கும் பாஸ்டன் மாரத்தானுக்கு ஏறத்தாழ ஒன்பது வாரங்கள் முந்தையது. மெதுவான நீள ஓட்டம் ஒன்று திட்டத்தில் தேவைப்படும் காலமும் அதுவே.