ஏல விளம்பரம் வருவதற்கு முன்

வங்கியில் என் கடைசி ஆண்டுகள் வாராக்கடன் வசூல் பிரிவில் கழிந்தன. கடன்காரர் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டுவதும் அந்த வேலையில் அடக்கம். ஓய்வுக்குப் பிறகு, அதே மாதிரி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் என்னைத் தேடி வருகிறார்கள். “சார், இதுக்கு ஸ்டே வாங்கிடலாமா?” நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான்.

2002-ல் வந்த சர்ஃபேசி சட்டப்படி, அடமான வீட்டை நீதிமன்ற உத்தரவு இல்லாமலே வங்கி விற்கலாம். தவணை 90 நாளைத் தாண்டி நின்றால் கணக்கு வாராக்கடன். அடுத்து 13(2) நோட்டீஸ்: 60 நாளுக்குள் மொத்தத்தையும் கட்டு. இதை எதிர்த்து உடனே வழக்குப் போட முடியாது, ஆட்சேபம் எழுதலாம். எழுதினால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தந்தாக வேண்டும். நம்மவர்களோ மேனேஜரை நேரில் பார்த்து அவகாசம் கேட்பார்கள். அவரும் “பார்க்கலாம்” என்பார். அந்தப் “பார்க்கலாம்” எந்தக் கோப்பிலும் ஏறாது. ஒரு பக்கமாவது எழுதி அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு வருவது சுவாதீன அறிவிப்பு. கதவில் ஒட்டுவார்கள், இரண்டு நாளிதழ்களில், ஒன்று தமிழில், விளம்பரமும் வரும். வீட்டை யாரும் காலி செய்யச் சொல்லவில்லையே என்று குடும்பம் சும்மா இருந்துவிடும். ஆனால் 17-ஆம் பிரிவில் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது டி.ஆர்.டி.க்கு, மனுப் போட 45 நாள்தான் கெடு. காகித அளவிலான சுவாதீனத்தை எதிர்த்தே மனுப் போடலாம் என்று 2018-ல் ஹிண்டன் ஃபோர்ஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் டி.ஆர்.டி. உண்டு. மனுப் போடவே பாக்கியில் 75 சதவீதம் கட்ட வேண்டும் என்ற பழைய விதி 2004-ல் மார்டியா கெமிக்கல்ஸ் தீர்ப்பில் ரத்தாகிவிட்டது. மேல்முறையீட்டுக்குத்தான் இன்றும் பாதித் தொகை. அதையும் கால் பங்கு வரை குறைக்கலாம்.

முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்பவரிடம் ஜாக்கிரதை. 34-ஆம் பிரிவு சிவில் நீதிமன்றத்தின் கதவை மூடியிருக்கிறது. மகனை விட்டுப் பாகப்பிரிவினை வழக்குப் போடச் சொல்லும் பழைய வித்தையையும் நீதிபதிகள் நிறையப் பார்த்துவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டால், முதலில் தீர்ப்பாயத்துக்குப் போ என்று சத்யவதி டாண்டன் வழக்கை (2010) காட்டித் திருப்பி அனுப்புவதே வழக்கம்.

சரி, டி.ஆர்.டி.யில் எது எடுபடும்? வியாபாரம் நொடித்ததும் மகள் கல்யாணச் செலவும் எடுபடாது. வங்கி நடைமுறையில் எங்கே சறுக்கியது என்பதே கேள்வி. நோட்டீஸ் ஜாமீன்தாரருக்கும் போனதா? ஏலத்துக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கினார்களா? முழுதாக 30 நாள் அவகாசம் தந்தார்களா? இந்தக் கடைசிக் கேள்வியில் விழுந்த ஏலங்கள் உண்டு. மேத்யூ வர்கீஸ் வழக்கு (2014) அப்படித்தான். விவசாய நிலமாக இருந்தால் இந்தச் சட்டமே செல்லாது. ஆனால் உண்மையில் உழவு நடக்க வேண்டும். பட்டாவில் ‘புஞ்சை’ என்றிருந்தால் மட்டும் போதாது.

ஏலம் ரத்தானாலும் கடன் அப்படியே நிற்கும். வங்கி தவறிய படியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். கிடைத்தது அவகாசம்தான். இடைக்காலத் தடையும் பெரும்பாலும் ‘இவ்வளவு கட்டு’ என்ற நிபந்தனையோடுதான் வரும், கட்டாவிட்டால் போய்விடும்.

எனக்கு ஒப்பாத ஒன்று 2016 திருத்தம். முன்பெல்லாம் விற்பனை முடியும்வரை பணம் கட்டி வீட்டை மீட்கலாம். இப்போது ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு அந்த உரிமை முடிகிறது. பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் சொத்து ஏலம் போனது 105 கோடிக்கு. கடன்காரர் 129 கோடி தர முன்வந்தார். உயர் நீதிமன்றம் ஏற்றது. 2023-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, சொத்தை ஏலம் எடுத்தவருக்கே கொடுத்தது. ஆக, நகையை விற்றோ மச்சானிடம் கேட்டோ பணம் புரட்டுவதாக இருந்தால், அந்த விளம்பரத்துக்கு முன்னால் புரட்ட வேண்டும்.

ஏலமே முடிந்துவிட்டதா? கணக்குக் கேட்டு எழுதுங்கள். பாக்கியும் செலவும் போக மிச்சம் இருந்தால் அது உங்கள் பணம்; 13(7) அப்படித்தான் சொல்கிறது. கேட்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.