பாதியில் நிறுத்துவதும் பயிற்சியே

குறுவட்டப் போட்டி நெருங்கும் நாள்களில், உடற்கல்வி ஆசிரியரான நான் மைதானத்தில் அடிக்கடி கேட்பது, "சார், கால் வலிக்குது" என்ற குரல். அப்படிச் சொல்பவர்களைவிட, வலியை மறைத்து ஓடுபவர்களைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். சொன்னால் அணியிலிருந்து பெயர் போய்விடுமோ என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். எந்த வலியோடு ஓடலாம், எந்த வலிக்கு உடனே நிறுத்த வேண்டும் என்பதை மாணவரைப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் எல்லா ஆசிரியர்களும் அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, தசைவலி. புதிதாக ஓடத் தொடங்கியவருக்கும் திடீரெனச் சுற்றுகளைக் கூட்டியவருக்கும் மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வருவது என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் ஓட்டத்தில் கூடும் லாக்டேட், ஓய்வெடுத்த ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்குக் குறைந்துவிடும். பழகாத உழைப்பால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைத் தொடரும் அழற்சியுமே மறுநாள் வலிக்குக் காரணம். இது 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சமடைந்து, பிறகு தானே தணியும். பெரும்பாலும் இரண்டு கால்களிலும் பரவலாக இருக்கும். உடல் சூடேறினால் சற்றுக் குறையும். இவர்கள் நடக்கலாம், மெதுவாக ஓடலாம். வேக ஓட்டம் வேண்டாம்.

இரண்டாவது, எலும்பு வலி. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பின் உள்விளிம்பு நெடுக வலித்தால், தாங்கும் அளவைவிட வேகமாகத் தூரத்தைக் கூட்டியிருக்கலாம். வலி ஒரே புள்ளியில் நின்று, தொட்டாலே துடிக்க வைத்து, ஓய்விலும் தொடர்ந்தால் எலும்பில் நுண்விரிசல் இருக்கக்கூடும். மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, வளரும் பருவத்துக்கே உரிய வலி. குதிகாலிலும் முழங்கால் சில்லுக்குக் கீழேயும் தசைநாண் இணையும் இடங்களில் எலும்பு இன்னும் முழுமையாக இறுகியிருக்காது. தொடர்ந்து குதித்தாலும் ஓடினாலும் அங்கே வலிக்கும். நடுநிலை, உயர்நிலை வகுப்பு மாணவர்களிடம் இதை அதிகம் காணலாம்.

எனவே வலிக்கிறது என்றவுடன் நான் மூன்று கேள்விகள் கேட்கிறேன். ஒரு காலிலா, இரண்டிலுமா? ஒரு விரலால் இடத்தைக் காட்ட முடிகிறதா? ஓட ஓடக் கூடுகிறதா, குறைகிறதா? ஒரே காலில், ஒரே இடத்தில், ஓட ஓடக் கூடும் வலி என்றால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. காலைத் தாங்கித் தாங்கி ஓடினால் கேள்வியே தேவையில்லை. ஒரு காலைக் காக்க முயலும்போது மற்றொரு காலும் இடுப்பும் கூடுதல் சுமையை ஏற்கின்றன.

மாணவர்களுக்கு லியூ சியாங்கைப் பற்றிச் சொல்கிறேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்ற சீன வீரர் அவர். 2008இல் பெய்ஜிங்கில், சொந்த நாட்டு மக்களின் கண்முன்னே, குதிகால் தசைநாண் காயத்தால் ஓடாமல் களத்தைவிட்டு வெளியேறினார். சிகிச்சைக்குப் பின் 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் மீண்டும் தங்கம் வென்றார்.

எங்கள் பயிற்சிப் பதிவேட்டில் 'எந்தச் சுற்றில் நிறுத்தினார், எங்கே வலி' என்று ஒரு பத்தி வைத்திருக்கிறேன். மாணவர்களே அதை எழுதுகிறார்கள். அங்கே எழுதுவதால் யாருடைய பெயரும் அணியிலிருந்து நீங்காது என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். அந்த உறுதி கிடைத்த பிறகுதான் வலியை நம்மிடம் சொல்லத் துணிகிறார்கள்.