வெட்டினாலும் மூழ்காத மான் முடி

கனடாவின் கிழக்கில் உள்ள நியூ பிரன்சுவிக் மாநிலத்தில் மிராமிச்சி என்ற ஆறு ஓடுகிறது. அட்லாண்டிக் சால்மன் மீனுக்குப் பெயர்பெற்ற ஆறு அது. அங்கே தூண்டில் போடுபவர்கள் சால்மனுக்காக முள்ளில் புழு கோப்பதில்லை. சட்டம் அதை அனுமதிப்பதில்லை. இறகு, முடி, நூல் ஆகியவற்றை முள்ளில் கட்டிச் செய்த செயற்கைப் பூச்சியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இந்தச் செயற்கைப் பூச்சிகளில் ஒரு வகை, நீரில் மூழ்காமல் மேலேயே மிதந்து செல்லும். அதற்கு 'டிரை ஃபிளை' என்று பெயர். 1960களில் மிராமிச்சி ஆற்றில் புகழ்பெற்ற 'பாம்பர்' அவற்றுள் ஒன்று. சிறு சுருட்டைப் போன்ற அதன் உடல் முழுவதும் மான் முடி. கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் அட்லாண்டிக் சால்மன் இரை எடுப்பதையே நிறுத்திவிடுகிறது. ஆனாலும் தலைக்கு மேல் மிதந்து போகும் பாம்பரைப் பாய்ந்து கவ்வுகிறது.

எஃகு முள்ளைச் சுமந்துகொண்டு ஒரு கொத்து முடி எப்படி மிதக்கிறது?

ஐந்தாம் படிவ இயற்பியல் வகுப்பில் மிதப்பு விசையை விளக்கியபோது இதை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். "மான் முடி உள்ளே வெற்றிடமான குழாய் போன்றது. அதில் காற்று இருப்பதால் மிதக்கிறது" என்றேன். மீன்பிடி நூல்கள் பலவற்றில் அப்படித்தான் எழுதியிருக்கும். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி கை தூக்கினாள். "டீச்சர், குழாய் என்றால் வெட்டிய பக்கம் தண்ணீர் புகுந்துவிடாதா?"

என்னிடம் பதில் இல்லை. பாம்பரின் உடலில் உள்ள ஒவ்வொரு முடியும் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டதுதான். அவள் சொன்னபடி பார்த்தால், அது கல்லைப் போல் மூழ்கியிருக்க வேண்டும்.

குழாய் அல்ல, தேன்கூடு

மீன்பிடிச் சாதனங்கள் விற்கும் கடையில் ஒரு சிறு பொட்டலம் மான் முடி வாங்கினேன். சவர பிளேடால் ஒரு முடியை மெல்லிய வில்லையாகக் குறுக்கே சீவி, பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தோம். நடுவில் ஒரே ஓட்டை தெரியும் என்று நினைத்திருந்தோம். தெரிந்ததோ தேன்கூடு போன்ற வலை. வெளியே மெல்லிய உறை. அதற்குள் மிக மெல்லிய சுவர்களால் பிரிக்கப்பட்ட எண்ணற்ற சிறு அறைகள்.

முடியின் நடுப்பகுதியை மெடுல்லா என்பார்கள். மனித முடியில் மெடுல்லா மிக மெலிதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. மானின் உடல் முடியிலோ ஏறக்குறைய முழுத் தடிமனும் மெடுல்லாதான். அதன் உயிரணுக்கள் வறண்டு, காற்று நிரம்பிய அறைகளாகிவிடுகின்றன.

மாணவியின் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. முடியை வெட்டும்போது வெட்டுப்பட்ட இடத்தில் உள்ள அறைகள் மட்டுமே திறக்கும். நீர் அவற்றில் புகுந்தாலும் அடுத்த சுவர் தடுத்துவிடும். கப்பலின் அடிப்பகுதியைத் தனித்தனி அறைகளாகத் தடுத்துக் கட்டுவதும் இதற்காகத்தான். ஓர் அறையில் ஓட்டை விழுந்தால் கப்பல் முழுவதும் நீர் நிரம்பக் கூடாது.

கொஞ்சம் கணக்கு

முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 1.3 கிராம். நீரின் அடர்த்தி 1 கிராம். ஆக, காற்று இல்லாத கெராட்டின் நீரில் மூழ்கும்.

முடியின் கன அளவில் பாதி காற்று என்று வைத்துக்கொள்வோம். அப்போது 1 கன சென்டிமீட்டர் முடியின் நிறை 0.65 கிராம். அது முழுதாக நீருக்குள் அமுங்கினால் 1 கிராம் நீரை விலக்கும். ஆக, ஒவ்வொரு கன சென்டிமீட்டரும் இன்னும் 0.35 கிராமைத் தாங்க முடியும்.

தூண்டில் முள்ளின் நிறை 0.1 கிராம் என்று கொள்வோம். எஃகின் அடர்த்தி சுமார் 7.8 என்பதால், அந்த முள் விலக்கும் நீர் 0.013 கிராம்தான். மீதி 0.087 கிராமை முடி தாங்க வேண்டும். 0.087ஐ 0.35ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் கால் கன சென்டிமீட்டர் முடி போதும். பாம்பரின் உடல் ஏன் அவ்வளவு பருமனாக இருக்கிறது என்பது இப்போது புரியும்.

நூலை இறுக்கினால் விரியும்

இந்தப் பூச்சியைக் கட்டும் முறையும் அதே அறைகளை நம்பித்தான் இருக்கிறது. பென்சில் தடிமனுள்ள ஒரு கொத்து முடியை முள்ளின் தண்டின்மேல் வைத்து, நூலை இரண்டு சுற்று தளர்வாகச் சுற்றுவார்கள். பிறகு நூலை இறுக்கி இழுப்பார்கள். நூல் அழுத்தும் இடத்தில் மெல்லிய அறைச் சுவர்கள் நசுங்கும். முடி அந்த இடத்தில் மடங்க, இரு முனைகளும் செங்குத்தாக எழுந்து நிற்கும். கொத்து முழுவதும் தண்டைச் சுற்றிப் பூப்போல விரிந்துவிடும். அதை ஒட்டி அடுத்த கொத்து, அதை நெருக்கித் தள்ளி இன்னொன்று. கடைசியில் முள் முழுவதும் முடி சிலிர்த்து நிற்கும். அதைக் கத்தரித்துத்தான் சுருட்டு வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள்.

மானின் வால் முடியில் இது சரியாக நடக்காது. வால் முடியில் காற்றறைகள் குறைவு. நூலை இறுக்கினால் விரியாமல் படிந்தே கிடக்கும். உடல் முடியிலும் அடிப்பாகம் நன்றாக விரியும், மெலிந்த நுனி அவ்வளவாக விரியாது. ஆகவே மிதக்கும் உடலுக்கு அடிப்பாகத்தையும், இறக்கைக்கு நுனியையும் பயன்படுத்துவார்கள். டிரௌட் மீனுக்காக அமெரிக்கரான ஆல் டிராத் 1957இல் உருவாக்கிய 'எல்க் ஹேர் காடிஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எல்க் என்பதும் மான் இனம்தான். அந்தப் பூச்சியின் முதுகில் கூரைபோல் சாய்ந்திருக்கும் இறக்கை, எல்க் முடியின் நுனியால் ஆனது.

மானுக்கு எதற்கு?

மீன் பிடிப்பவருக்காக மானுக்கு இந்த முடி முளைக்கவில்லை. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அசையாமல் சிறு அறைகளில் அடைபட்ட காற்று இன்னும் நல்ல தடுப்பு. வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானுக்குக் கோடையில் மெல்லிய செந்நிற முடி இருக்கும். குளிர் தொடங்கும்போது அது உதிர்ந்து, காற்றறைகள் நிறைந்த தடித்த முடி வளரும். குளிர்காலத்தில் அதன் முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடப்பதைக் காணலாம். உடல் வெப்பம் வெளியே கசியவில்லை என்பதற்கு அதுவே சான்று. வடதுருவப் பகுதியின் கரிபூ மான்கள் அகன்ற ஆறுகளை நீந்திக் கடக்கும்போது, இதே காற்று அவற்றை மிதக்கவும் வைக்கிறது.

வீட்டில் செய்து பாருங்கள்

உங்கள் சீப்பில் சிக்கிய முடியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு கிண்ணம் நீரின்மேல் மெதுவாக வையுங்கள். மிதக்கும். மனித முடியும் மிதக்கிறதே என்று தோன்றும். இப்போது ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டு, பல்குத்தும் குச்சியால் முடியை நீருக்குள் அமுக்குங்கள். முடி மேலே திரும்பி வராது. முதலில் அதைத் தாங்கியது நீரின் பரப்பு இழுவிசை. திரவம் அதைக் குறைத்ததும், நீரைவிட அடர்த்தியான முடி மூழ்கிவிட்டது.

மான் முடியில் இதையே வகுப்பில் செய்தோம். ஒவ்வொரு முறை அமுக்கியபோதும் அது மேலே வந்தது. சோப்பு நீரால் பரப்பு இழுவிசையைக் குறைக்க முடியும், மூடிய அறைக்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற முடியாது.

அந்தச் சோதனையைச் செய்தது கேள்வி கேட்ட அதே மாணவிதான். "குழாய் போன்றது" என்று என் பாடக் குறிப்பில் இருந்த வரியை அன்று மாலையே அடித்துவிட்டு, "தேன்கூடு போன்றது" என்று எழுதினேன்.